தாராவும் கோழியும் ஒன்றாக வளர்க்கையில்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கோழி தும்மினாலும் சரி, தாரா (வாத்து) நொண்டினாலும் சரி, மருந்து வாங்க டவுனுக்கு இறங்குவதற்கு முன்னால் தண்ணீர்ப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். இலங்கை மலைநாட்டில் இந்த இரண்டையும் சேர்த்து வளர்க்கிற வீடுகளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கடைசியில் ஈரத்தில்தான் போய் நிற்கின்றன. தாராவுக்கு ஈரம் வேண்டும், கோழிக்கு ஈரம் ஆகாது. கீழ்நாட்டில் பகல் வெயிலே பாதியைக் காய வைத்துவிடும், ஆனால் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் கொடியில் போட்ட துணியே நாள்கணக்கில் காயாத காலத்தில் கூட்டுக்குள் சிந்திய தண்ணீர் எப்படிக் காயும்?

ஆகவே என் கணக்கு இதுதான்: பகலில் ஒன்றாக மேயட்டும், இரவில் தனித்தனியாகப் படுக்கட்டும், தண்ணீர் எப்போதும் கூட்டுக்கு வெளியே. கீழே உள்ளதில் உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து படியுங்கள். தாரா என்று நான் சொல்வது சாதாரண நாட்டுத் தாராவையும் அதைவிடச் சிறிய குள்ள ரகங்களையும். மூஞ்சியில் சிவப்புச் சதை உள்ள மணிலா வேறு சாதி, அது வித்தியாசப்படும் இடத்தில் சொல்கிறேன்.

கூடு நாறுகிறது, படுக்கை நசநசவென்று இருக்கிறது

நாற்றம் இருக்கிறதா என்று நின்றபடி முகர்ந்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. காலையில் கூட்டைத் திறந்தவுடன் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் கரித்தால் அது அமோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்புகிற அந்தக் காற்றைத்தான் இராத்திரி முழுக்க அவை சுவாசித்திருக்கின்றன.

முதல் வேலை, தண்ணீரை வெளியே எடுப்பது. தாரா குடிக்கிறதென்றால் வெறுமனே குடிப்பதில்லை, வாயில் எடுத்துக்கொண்டு போய் தீனியில் கொட்டும், தீனியை எடுத்துவந்து தண்ணீரில் கரைக்கும், தலையை முக்கி உதறும், முடிந்தால் பேசினுக்குள் ஏறி உட்காரும். இதையெல்லாம் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம், அது செய்கிற இடத்தை மாற்றினால் போதும். இரவில் தீனி வைக்காவிட்டால் வளர்ந்த பறவைகளுக்கு இரவுத் தண்ணீரும் தேவையில்லை. ஆனால் தீனியை மட்டும் உள்ளே வைத்துவிட்டு தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், காய்ந்த மாத் தீனி தாராவின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வைத்தால் இரண்டும், எடுத்தால் இரண்டும்.

வெளியே தண்ணீர் வைக்கும் இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, கீழே பெரிய கல், மேலே சின்னக் கல் என்று நிரப்பி, அதன்மேல் பலகைச் சட்டமோ கம்பித் தட்டோ போட்டு, தட்டின்மேல் பாத்திரத்தை வையுங்கள். சிந்துவதெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடும். வீட்டுப் பின்னால் கான் ஓடினால் அதை ஒட்டி வைக்கலாம், ஆனால் அந்தக் கான் யாருடைய பீலிக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு வையுங்கள். மேல் லயத்துத் தாராத் தண்ணீர் கீழ் லயத்துக் குடிதண்ணீரில் கலந்தால் வருகிற சண்டைக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. முடிந்தால் வாழைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ திருப்பிவிடுங்கள், அந்த அழுக்குத் தண்ணீர் நல்ல உரம்.

அடுத்தது படுக்கை. மரத்தூள், மரம் சீவிய தூள், நெல் உமி எது கிடைத்தாலும் சரி. உமியை லொறியில் ஏற்றி மேலே கொண்டுவர விலை கூடும் என்றால், வெயில் காலத்தில் மானாப் புல்லை வெட்டிக் காயவைத்து, சாக்கில் கட்டி அடுப்படிப் பரணில் போட்டு வைக்கலாம். ஈரப் படுக்கையின்மேல் புதிதைத் தூவி மறைப்பது வேலைக்கு ஆகாது. தாரா படுத்த இடத்தை மட்டுமாவது அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் புதிது போட வேண்டும்.

குளிருக்குப் பயந்து கூட்டை நான்கு பக்கமும் படங்கு போட்டு இறுக்கி மூடுவது எங்கும் நடக்கிறது. வளர்ந்த கோழி குளிரைத் தாங்கும், தாரா அதைவிடத் தாங்கும், அடைத்துவைத்த ஈரக் காற்றை இரண்டும் தாங்காது. பறவை படுக்கும் மட்டத்தில் காற்று அடிக்கக் கூடாது, அது சரி. கூரைக்குக் கீழே சுவரின் மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளியை வலை அடித்துத் திறந்தே விடுங்கள். காலையில் தகரக் கூரையின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டுகிறதென்றால் காற்றோட்டம் போதவில்லை.

இன்னொன்று, கோழி குச்சியில் ஏறிப் படுக்கும், தாரா தரையில் படுக்கும். ஒரே கூடு என்றால் கோழி எச்சம் முழுக்கத் தாரா முதுகில்தான். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு போட்டு, குச்சி ஒரு பக்கம், தாராவின் படுக்கை மறுபக்கம் என்று பிரித்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இதைச் செய்ய மழைக்கு முன்னால் நாள் பாருங்கள்: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் பிடிக்கும், பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபருக்கு மேல் வருகிற மழைதான் பெரிது.

கோழி தும்முகிறது, தாரா நன்றாக இருக்கிறது

இதில் மூன்று நான்கு விதம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை ஊற்றுவது காசுக்குக் கேடு.

காலையில் தும்மி, கண்ணில் நீர் வடிந்து, வெளியே மேய விட்டபின் மத்தியானத்துக்குள் தெளிந்துவிடுகிறது என்றால் கூட்டுக் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். மேலே சொன்னதைச் செய்யுங்கள், சில நாளில் தெரிந்துவிடும். நாள் முழுக்கத் தும்மல், மூஞ்சி ஒரு பக்கம் வீங்கி மூக்கில் கெட்ட வாடையோடு சளி என்றால் அது தொற்று. அந்தக் கோழியைத் தனியே எடுத்துவிட்டு மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கொண்டையிலும் கண் இமையிலும் கறுத்த பொருக்கு என்றால் அம்மை, நுளம்பு பரப்புவது, தேங்கிய தாராத் தண்ணீரில் நுளம்பு பெருகும் என்பதால் இங்கேயும் தண்ணீர்தான் வந்து நிற்கிறது. பாத்திரத்தைத் தினமும் கவிழ்த்து மாற்றினால் புழு நுளம்பாக வளர நேரம் கிடைக்காது.

பயப்பட வேண்டியது ராணிக்கெட் என்ற கோழி நோய். பச்சையாகக் கழிச்சல், கழுத்து திருகிக்கொள்வது, இறக்கை தொங்குவது, ஒன்றன்பின் ஒன்றாகச் சாவது. இதே நேரத்தில் தாராக்கள் ஒன்றும் நடக்காதது போல உலாவும். அதற்காகத் தாராவை விட்டுவிடாதீர்கள், நோய் வெளியே தெரியாமலேயே அது கிருமியைச் சுமந்து எச்சத்தில் தள்ளிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து வாங்கிவந்த புதுத் தாராவை நேரே கோழியோடு விடாமல் 3 கிழமையாவது தனியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

ராணிக்கெட் வந்தபின் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி. அந்தக் குப்பியில் ஒரு வீட்டுக் கோழிக்கு வேண்டியதைவிட மிக அதிகமாக இருக்கும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும், நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. ஆகவே லயத்தில் கோழி வளர்க்கிற எல்லா வீடும் ஒரே நாளில் சேர்ந்து போடுவது புத்தி. உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், கொண்டுவரும் வழியில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள்.

சாகத் தொடங்கியபின் மிச்சத்தை அவசரமாக விற்பது வேண்டாம். அடுத்த தோட்டத்துக்கு நோயை அனுப்புவதற்குச் சமம் அது. செத்ததை ஆழமாகப் புதையுங்கள், ஆற்றில் போடாதீர்கள். கோழியும் தாராவும் சேர்ந்து திடீரென்று கூட்டமாகச் செத்தால் தொடாமல் முதலில் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கோழிக்கு இரத்தக் கழிச்சல்

குறிப்பாக வளரும் குஞ்சுகளில். கோழியைப் பிடிக்கும் கொக்சிடியாக் கிருமி வேறு, தாராவைப் பிடிப்பது வேறு. ஒன்றிடமிருந்து மற்றதுக்குத் தொற்றாது, ஆகவே தாரா கொண்டுவந்தது என்று பழி போட முடியாது. ஆனால் கோழியின் எச்சத்தில் விழுந்த கிருமி அடுத்த கோழிக்குத் தொற்றும் நிலைக்கு முற்ற ஈரம் வேண்டும், அந்த ஈரத்தைத் தாரா தாராளமாகக் கொடுக்கிறது. மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் நாட்களில் தாராவைத் தனியே வையுங்கள். உடம்பு அளவுக்கு அது அதிகமாகக் குடிக்கும், அதனால் மருந்தும் அதிகமாக உள்ளே போகும், அதோடு கோழிக்குப் போக வேண்டியதைக் கொட்டியும் தீர்த்துவிடும். முட்டை, இறைச்சியை எத்தனை நாளைக்குச் சாப்பிடக் கூடாது என்று மருந்துப் பக்கற்றில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தாராவின் கண் ஒட்டிக் கிடக்கிறது, மூக்கில் சேறு

கோழிக்கு வைக்கிற ஆழமில்லாத தண்ணீர்த் தட்டைத்தான் தாராவுக்கும் வைத்திருக்கிறீர்கள். அலகோடு கண்ணும் முழுகும் ஆழம் இருந்தால்தான் அது தன் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும். குளம் வேண்டியதில்லை, ஆழமான ஒரு பாத்திரம் போதும். வெற்றுப் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, பக்கத்தில் தாராவின் தலை நுழையும் அளவுக்கு மூன்று நான்கு ஓட்டை வெட்டி, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழ் வரைக்கும் தண்ணீர் நிரப்பி மூடியைப் போட்டுவிடுங்கள். தலை போகும், உடம்பு போகாது, தண்ணீரும் இவ்வளவு அழுக்காகாது. வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். கோழிக்கு ஒரு கல்லின்மேல் உயர்த்தி வேறு தட்டு. கோழிக் குஞ்சு ஓடும் முற்றத்தில் திறந்த பேசின் வைத்தால் உள்ளே கல்லை அடுக்கி வையுங்கள், விழுந்த குஞ்சு ஏறிவர வழி வேண்டும்.

கழுவ வழி செய்தும் 2, 3 நாளில் கண் தெளியாவிட்டால் அது வேறு நோய், காட்ட வேண்டும்.

தாராக் குஞ்சு நொண்டுகிறது, கால் வளைகிறது

வயதைப் பாருங்கள், தரையைப் பாருங்கள், தீனியைப் பாருங்கள்.

பொரித்த சில நாளிலேயே கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போகிறதென்றால் தரை வழுக்குகிறது. பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும் விரித்த பெட்டியில்தான் இது வரும். கரகரப்பான சாக்கை விரியுங்கள்.

ஒன்றிரண்டு கிழமையில், நன்றாக ஓடிய குஞ்சு உட்கார்ந்தே இருக்கிறது, முழங்கால் மூட்டு தடித்து, கால் வில்லாக வளைகிறதென்றால் நியாசின் குறைவு. நியாசின் என்பது விட்டமின் பி வகையில் ஒன்று. கோழிக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் 35 மில்லிகிராம் வரை இருந்தால் போதும், தாராக் குஞ்சுக்கு 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக் குஞ்சுத் தீனியை மட்டும் போட்டு இரண்டையும் வளர்க்கும்போது தாராவுக்கு மட்டும் கால் போவது இதனால். சோளக் குருணல் மட்டும் போட்டால் இன்னும் மோசம், சோளத்தில் உள்ள நியாசின் பெரும்பாலும் உடம்பில் சேராத வடிவில் இருக்கிறது. புரூவர்ஸ் ஈஸ்ட் (பியர் வடிக்கப் பயன்படும் ஈஸ்ட்) கிடைத்தால் தீனியில் கலந்து கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் மிருக வைத்தியரிடமோ பார்மசியிலோ நியாசின் அல்லது பி கொம்ப்ளெக்ஸ் கேட்டு, குஞ்சுக்கான அளவையும் கேட்டு, தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சில நாளில் எழுந்து நடக்கும், எலும்பு வளைந்து முற்றியபின் கொடுத்தால் திரும்பாது. கூடவே அவித்த மீன் கழிவு, பட்டாணி சேர்க்கலாம். கருவாடு போடாதீர்கள், அந்த உப்பைக் குஞ்சின் சிறுநீரகம் தாங்காது.

முட்டைக் கோழித் தீனியையும் குஞ்சுக்கு வைக்க வேண்டாம். அதில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும், குஞ்சுக்கு 1 வீதம் போதும். கூடிய கல்சியமும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

வளர்ந்த தாரா நொண்டினால் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் முள்ளோ கூர்க்கல்லோ குத்திச் சீழ் பிடித்திருக்கிறது, கொங்கிரீட் தரையில் அதிகம் வரும். உப்பு வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, காய்ந்த மெத்தையான படுக்கையில் தனியே வையுங்கள், தடிப்பு குறையாவிட்டால் காட்டுங்கள். உள்ளங்கால் சுத்தமாக இருந்தால் யார் அதைப் பிடித்தார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குகிற பழக்கத்தில் தாராவையும் தூக்கினால் கால் பிசகிவிடும், அந்தக் கால்கள் அவ்வளவு பலமில்லாதவை. இறக்கையோடு சேர்த்து உடம்பை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கோழிக் குஞ்சும் தாராக் குஞ்சும் ஒரே பெட்டியில், கோழிக் குஞ்சு மட்டும் சாகிறது

பிரித்துவிடுங்கள், வேறு வழியில்லை. தாராக் குஞ்சு ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியைச் சேறாக்கும், அதற்கு அது சந்தோஷம், பக்கத்தில் நனைந்த கோழிக் குஞ்சு குளிரில் விறைத்துச் சாகும். முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வெப்பம் வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கிற ஊர் அது. ஆகவே இங்கே சூட்டை நிறுத்துகிற நாளைப் புத்தகக் கணக்கில் எடுக்காமல் குஞ்சைப் பார்த்து எடுங்கள்: பல்பின் கீழ் குவிந்து கிடந்தால் குளிர், ஓரமாய் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி.

எல்ஈடி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய கம்பி பல்போ, குஞ்சுக்கென்று விற்கிற சூட்டு பல்போ தேடி வாங்குங்கள். கரண்ட் போனால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்கவே வேண்டாம், அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் தூங்குகிற ஆளையும் கொல்லும்.

தாரா முட்டையை அடைக்கோழியில் வைத்துப் பொரிக்கச் செய்வது நல்ல வழி. கோழி முட்டைக்கு 21 நாள், தாராவுக்கு 28, மணிலாவுக்கு 35. எல்லாக் கோழியும் அவ்வளவு நாள் உட்காராது, நன்றாக அடைகாக்கும் கோழியாகப் பாருங்கள், இரண்டு வகை முட்டையையும் ஒரே நாளில் கலந்து வைக்காதீர்கள், முதல் குஞ்சு பொரித்ததும் எழுந்துவிடும். பொரித்தபின் இன்னொரு தொல்லை: குஞ்சுகள் பீலித் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும், தாய்க்கோழி கரையில் நின்று கத்தும். நமக்குச் சிரிப்பாக இருந்தாலும் அந்தக் குஞ்சுகளின் தூவி இன்னும் தண்ணீரை ஒதுக்காது, ஊறி, குளிர்ந்து, மூழ்கவும் கூடும். இறகு முழுதாக வரும்வரை, அதாவது 7, 8 கிழமை வரை, குளிர்ந்த ஆழத் தண்ணீரை அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள்.

தாரா திடீரென்று சாகிறது, கோழிக்கு ஒன்றுமில்லை

தீனிச் சாக்கைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். கட்டியாக இருக்கிறதா, பூஞ்சை வாடை வருகிறதா? மலைநாட்டு ஈரத்தில் சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு மூன்றும் சீக்கிரம் பூக்கும். சில பூஞ்சைகள் விடுகிற அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சைத் தாங்கும் சக்தி தாராக் குஞ்சுக்கு மிகக் குறைவு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அப்போது தாராக் குஞ்சுகளும் செத்தன. பிறகு தீனியில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஒரு காலம் தாராக் குஞ்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அவற்றைத் தாக்கும். கோழி சாப்பிட்டுத் தாங்குகிறது என்பதால் தீனி நல்லது என்று அர்த்தமில்லை. பூத்த தீனியை வெயிலில் காயவைத்தாலும் அவித்தாலும் நஞ்சு போகாது. கொட்டிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மூடியுள்ள பீப்பாயில், சிமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

கழுத்து துவண்டு தரையில் கிடக்கிறது, கண் விழித்திருக்கிறது, தலையைத் தூக்க முடியவில்லை என்றால் சுற்றிலும் தேடுங்கள். எங்காவது செத்த எலி புழுத்துக் கிடக்கும், அல்லது அழுகிய இலைகுழை ஊறிய குட்டை இருக்கும். அந்தப் புழுவைத் தின்றால் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் விஷம் உள்ளே போகிறது. அந்த இடத்தை வெட்டி மூடி, தாராவை நிழலில் வைத்துத் தலையைத் தாங்கிச் சுத்தமான தண்ணீர் புகட்டுங்கள், இலேசாகப் பட்டது பிழைக்கும்.

மூன்றாவது சந்தேகம் மரக்கறித் தோட்டம். கோவா, லீக்ஸ், சலாதுப் பாத்திகளில் நத்தை பொறுக்கத் தாராவைப் போல உதவி கிடையாது, கோழி மாதிரிக் கிளறியும் தள்ளாது, இளம் சலாதை மட்டும் அதனிடமிருந்து மறைக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பாத்தியில் மருந்து அடித்தார்களா, நத்தைக்கு நஞ்சுக் குளிசை போட்டார்களா என்று கேட்காமல் விடாதீர்கள். குளிசையையும் தின்னும், குளிசை தின்ற நத்தையையும் தின்னும்.

கோழியின் பிடரியில் இறகு இல்லை, தாராவைக் கண்டால் ஓடுகிறது

ஆண் தாரா மிதிக்கிறது. வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால், குரல் கம்மிப்போனதாக இருந்தால் அது ஆண், பெட்டைதான் சத்தமாகக் கத்தும். மணிலாவில் அந்தச் சுருள் இருக்காது, ஆண் சீறும், உடம்பும் மிகப் பெரிது. பெட்டைத் தாரா போதாத ஆண் கோழிமேல் பாயும். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது, ஆண் தாராவுக்கு உண்டு. அதனால் கோழிக்கு உள்ளே கிழிந்து, சீழ் பிடித்துச் செத்தும் போகலாம். "பழகிவிடும்" என்று விட்டு வைக்கிற விஷயம் இல்லை.

ஓர் ஆணுக்கு 4, 5 பெட்டையாவது வேண்டும். இல்லையென்றால் ஆணைக் கொடுத்துவிடுங்கள், அல்லது தனிப் பட்டியில் வையுங்கள். முட்டைக்கு ஆண் தேவையே இல்லை, குஞ்சு வேண்டுமென்றால்தான் வேண்டும். இரண்டு ஆணும் இரண்டு பெட்டையும் சோடி சோடியாக வாங்குவதுதான் வழக்கம், பார்க்க அழகு, கடைசியில் கிழிபடுவது கோழி. எதிர்ப்பக்கமாக, முரட்டுச் சேவல் குள்ளத் தாராவைக் கொத்தினால் ஒதுங்கி ஓட இரண்டு வழி உள்ள முற்றமாக இருக்கட்டும், மூலையில் மாட்டிக்கொள்ளும் இடம்தான் ஆபத்து.

முட்டை குறைகிறது, தோல் மெலிகிறது, காணாமல் போகிறது

காணாமல் போவது சுலபம்: தாரா விடியலுக்கு முன்னும் பின்னுமாகத்தான் இடும். ஆறு மணிக்கே திறந்துவிட்டால் போகிற வழியில் தேயிலைத் தூருக்குள் இட்டுவிட்டுப் போகும். 8 மணி வரை உள்ளே வையுங்கள். ஈரப் படுக்கையில் கிடந்து அழுக்கான முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டாம், நன்றாக அவியுங்கள்.

மெல்லிய தோலுக்கு, நொறுக்கிய சிப்பியோ காயவைத்துப் பொடித்த முட்டை ஓடோ தனி டின்னில் வையுங்கள், தீனியில் கலக்க வேண்டாம். முட்டை இடுகிற பறவை வேண்டியதை எடுத்துக்கொள்ளும், ஆணும் குஞ்சும் தொடாமல் போகும்.

மார்கழியில் குறைந்தால் வெளிநாட்டு வீடியோ பார்த்து லைட் போடக் கிளம்புகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும், வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான். வீட்டுக் கோழிக்கு இறகு உதிர்வதையும், மழையில் மேயாமல் நின்றதையும், தீனி போதாததையும் முதலில் பாருங்கள்.

இரவில் ஏதோ வந்து போகிறது

தாரா தரையில், சுவரை ஒட்டிப் படுக்கும். வலை ஓட்டை பெரிதென்றால் மரநாய் கையை விட்டு இழுக்கும், காலையில் தலையோ காலோ இல்லாத உடம்பு கிடக்கும். அறுகோண ஓட்டைக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தத்தான், வெளியே இருப்பதை நிறுத்தாது. தரையிலிருந்து இடுப்பளவுக்கு அரை அங்குலக் கட்டத்தில் பற்றவைத்த கம்பிவலை அடித்து, கீழே ஒரு சாண் மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். கீரி பகலில் வரும், காகமும் பருந்தும் குஞ்சையும் குள்ளத் தாராவையும் தூக்கும், அதற்கு மேலே வலை வேண்டும். கோழி இருட்டினால் தானே ஏறும், தாரா ஏறாது, வெளியிலேயே நிற்கும். சாயந்தரத் தீனியைக் கூட்டு வாசலில் மட்டும், தண்ணீரும் பக்கத்தில் இருக்க வைத்து, ஒரே மாதிரிக் குரல் கொடுத்து அழைத்தால் சில நாளில் வரிசையாக வரப் பழகும். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டத்தில் காவலுக்கென்று நாயைக் கூட்டருகே கட்டிப்போடுவது வேண்டாம், அது நாய்க்குத்தான் வரும்.

விடியற்காலையில் கத்துகிறது, பக்கத்து வீட்டில் முறைக்கிறார்கள்

குள்ள ரகத்தில்தான் இது அதிகம். காட்டுத் தாராக்களைக் கத்தி அழைத்துப் பொறியில் விழவைக்க ஐரோப்பாவில் வளர்த்த சாதிகள் அவற்றில் உண்டு, உடம்பு சிறிதானாலும் தொண்டை பெரிது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பங்கள் இருக்கிற லயத்தில் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும். வாங்கியாயிற்று என்றால் கூட்டை இஸ்தோப்புப் பக்கம் வைக்காமல் பின்பக்கம் தள்ளி வையுங்கள், வெளிச்சம் நேரே விழுகிற பக்கத்துக்குச் சாக்கு போடுங்கள், மேலே காற்றுக்கு விட்ட இடைவெளியை மட்டும் மூடாதீர்கள். பெரும்பாலும் தீனிக்காகத்தான் கத்தும். கத்தியவுடன் எழுந்து டின்னை எடுத்துப் போனால் நாளைக்கு இன்னும் முந்திக் கத்தும், ஆகவே சத்தம் ஓய்ந்த இடைவெளியில் போய் வையுங்கள். பெட்டைகளில் எது ஆரம்பித்து வைக்கிறது என்று இரண்டு காலை கவனித்தால் தெரியும். அந்த ஒன்றை மட்டும் தனி வீட்டுக்காரர் யாருக்காவது கொடுத்துவிட்டால் மற்றவை பாதியாக அடங்கும்.